கடையில் பேஸ் கிட்டாரை வாசித்துப் பார்ப்பது எப்படி?

மூன்று ஆண்டுகள் அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்த பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. தேவாலயப் பாடகர் குழுவில் அடி ஓசையைத் தாங்கும் பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாததால் அந்தப் பொறுப்பும் உங்கள் மேல் விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் சென்னை அண்ணா சாலைக்குப் போய் முதல் பேஸ் கிட்டாரை வாங்கப் போவதாகவும், கடையில் எதைக் கவனிப்பது, நான்கு பேர் பார்க்க எதை வாசிப்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மெல்லிசைக் கச்சேரிகளிலும் தேவாலயங்களிலும் பேஸ் வாசித்துவருகிறேன். நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் துணையாக இசைக்கருவிக் கடைகளுக்குப் போய்வந்ததும் ஏராளம். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

கடைச் சுவரிலிருந்து இறக்கித் தரும் எந்தக் கருவியிலும் நான்கைந்து குறைகளாவது தென்படும். அவற்றில் ஒருவகை, ஒரு திருப்புளியும் ஆலன் சாவியும் அரை மணி நேரமும் இருந்தால் தீர்ந்துவிடுபவை. மற்றொரு வகை, கருவியோடு பிறந்து கடைசிவரை கூடவே வருபவை. புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வகைக் குறையைப் பார்த்து நல்ல கருவியை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் வகைக் குறை ஒளிந்திருக்கும் கருவியைப் பளபளப்புக்காக வாங்கிவிடுகிறார்கள். கடையில் செலவிடும் ஒரு மணி நேரமும் இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கே என்று வைத்துக்கொண்டால், எதைப் பார்ப்பது என்ற குழப்பம் பெருமளவு நீங்கிவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு கடையில், கறுப்பு நிறத்தில் கண்ணாடிபோல் மின்னிய ஐந்து தந்திக் கருவி ஒன்றைக் கையில் எடுத்தேன். கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் முறையில் எனக்குத் தெரிந்த இரண்டு துணுக்குகளை வேகமாக வாசித்தேன். கடை ஊழியர் தலையாட்டினார். இருபது நிமிடத்தில் பில் போட்டாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு திருமண வரவேற்புக் கச்சேரியில், டி மேஜரில் அமைந்த மெதுவான பாடல் ஒன்றில், மெல்லிய ஜி தந்தியின் ஏழாவது ஃபிரெட்டில் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்குப் பெயர் ஃபிரெட்) டி சுரத்தைப் பிடித்து நான்கு எண்ணிக்கை நிறுத்த வேண்டிய இடம் வந்தது. இரண்டாவது எண்ணிக்கைக்குள் ஓசை செத்துவிட்டது. விரல் சரியாக அழுந்தவில்லை போலும் என்று நினைத்து அடுத்த சுற்றில் இன்னும் அழுத்திப் பிடித்தேன்; மறுபடியும் அப்படியே. அதே சுரம் டி தந்தியின் பன்னிரண்டாவது ஃபிரெட்டிலும் கிடைக்கும் என்பதால் அன்றைக்கு எப்படியோ சமாளித்தேன். ஆனால் அந்தக் கருவியை விற்கும்வரை அந்த ஏழாவது ஃபிரெட்டைச் சுற்றிக்கொண்டேதான் வாசிக்க வேண்டியிருந்தது.

இந்தக் குறைக்கு வாசிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் டெட் ஸ்பாட். தந்தி அதிரும்போது அதன் ஆற்றலில் ஒரு பங்கு, இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதியான நெக்குக்கும் போகிறது. நீண்டு மெலிந்த அந்த மரத்துக்கும் அதற்கே உரிய அதிர்வெண் ஒன்று உண்டு. நாம் பிடிக்கும் சுரம் அதற்கு மிக அருகில் விழுந்துவிட்டால், தந்தியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொள்கிறது, சுரத்துக்குக் கார்வை இல்லாமல் போகிறது. நெக்கைத் திருகாணிகளால் உடலோடு பிணைத்த ஃபெண்டர் நிறுவனப் பாணிக் கருவிகளில் இது பெரும்பாலும் ஜி தந்தியின் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் வரையுள்ள பகுதியில் தலைகாட்டும். தலைப்பகுதியில் கொஞ்சம் எடை சேர்த்தால் அந்த இடம் சற்றே நகருமே தவிர ஒழியாது. ஒரே மாடலில் அடுத்தடுத்துத் தொங்கும் இரண்டு கருவிகளில் ஒன்றில் இது அப்பட்டமாகவும், மற்றொன்றில் இருப்பதே தெரியாமலும் இருக்கலாம். கருவியை நேரில் வாசித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

கடைக்குப் போவதற்கு வார நாளின் முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை மாலையில் ஒரு மூலையில் டிரம் பேடும் மறு மூலையில் கீபோர்டும் ஒலித்துக்கொண்டிருக்க, மிகக் கீழான ஸ்தாயியில் ஒலிக்கும் கருவியைக் காதால் எடைபோடுவது நடக்காத காரியம். அண்ணா சாலையில், 1842-இல் தொடங்கப்பட்ட மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடையாக இருந்தாலும், புதிதாகத் திறந்த சிறிய கடையாக இருந்தாலும், கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் ஊழியர்கள் நிதானமாக இரண்டு மூன்று கருவிகளை எடுத்துத் தருவார்கள். உங்களுக்குப் பழகிய ஸ்ட்ராப், நல்ல கேபிள் ஒன்று, சுருதி சேர்க்கும் செயலியும் எளிய டிரம் தாளம் ஒன்றும் ஏற்றப்பட்ட கைப்பேசி ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பெல்ட் பக்கிள் பெரிதாக இருந்தால் கழற்றி வையுங்கள். கருவியின் பின்புறத்தில் கீறல் விழுந்தால் கடைக்காரர் முகம் மாறுவது நியாயம்தான். சுவரிலிருந்து நீங்களாகவே இறக்காமல் கேட்டு வாங்குவதும் மரியாதை.

கருவி கைக்கு வந்ததும் ஓசையைப் பெருக்கித் தரும் ஆம்பைத் தேடாதீர்கள். ஸ்ட்ராப்பை மாட்டி, எழுந்து நில்லுங்கள். பேஸ் கிட்டார் பெரும்பாலும் மூன்றரையிலிருந்து நாலரை கிலோ வரை இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்தால் இந்த எடை தெரியவே தெரியாது. நீங்களோ ஞாயிறு ஆராதனையில் ஒன்றரை மணி நேரம் தோளில் தொங்கவிட்டு நிற்கப் போகிறவர். நின்ற நிலையில் வலது கையை எடுத்துவிட்டு, இடது உள்ளங்கையை நெக்குக்குக் கீழே தயாராக வைத்துக்கொண்டு, பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். கருவி இருந்த இடத்திலேயே நின்றால் நல்லது. தலைப்பகுதி தரையை நோக்கிச் சரிந்தால், வாசிக்கும் நேரம் முழுவதும் இடது கை சுரத்தையும் பிடிக்க வேண்டும், கருவியையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு மாதத்தில் மணிக்கட்டு பேச ஆரம்பிக்கும். நெக் நீளமாகவும் தலையில் உள்ள, சுருதி சேர்க்கும் டியூனர்கள் கனமாகவும் இருந்து, ஸ்ட்ராப் மாட்டும் மேல் கொம்பு குட்டையாக அமைந்துவிட்டால் இந்தச் சரிவு ஏற்படும். சொரசொரப்பான அகலமான ஸ்ட்ராப்பினால் ஓரளவு குறைக்கலாம் என்றாலும், இதை நான் இரண்டாம் வகைக் குறையாகவே வைப்பேன்.

அடுத்து இடது கையின் எட்டம். உங்கள் அக்கூஸ்டிக் கிட்டாரில் தலைப்பக்கத்தில் தந்தி தாங்கி நிற்கும் நட்டிலிருந்து உடல்மேல் உள்ள பிரிட்ஜ்வரை தந்தியின் நீளம் ஏறத்தாழ 25.5 அங்குலம், வழக்கமான பேஸில் 34 அங்குலம். கிட்டாரில் முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது ஃபிரெட்வரை உள்ள தூரம் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 34 அங்குலப் பேஸில் அதுவே 13 சென்டிமீட்டர். முதல் நாளில் விரல்கள் எட்டாமல் திணறுவது உங்கள் குறையும் அல்ல, கருவியின் குறையும் அல்ல; கையை விரித்தே வைத்திருக்காமல் நகர்த்தி வாசிக்கப் பழகினால் சில வாரங்களில் சரியாகிவிடும். கை மிகச் சிறியது என்று உண்மையிலேயே தோன்றினால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கருவி ஒன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் பிரபலமான வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸும் இந்தக் குட்டை வகைதான். ஆகவே குழந்தைகளுக்கான கருவி என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். தந்தியின் இறுக்கம் குறைவாக இருப்பதால் கீழ்ச்சுரங்கள் சற்றுத் தளர்ந்து ஒலிக்கும் என்பது மட்டும் உண்மை.

நெக்கின் அகலமும் கைக்குக் கை மாறுபடும் விஷயம். லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸும், 1960-இல் வந்த ஜாஸ் பேஸும்தான் இன்று கடைகளில் தொங்கும் பெரும்பாலான கருவிகளுக்கு முன்மாதிரிகள். ஃபிரெட்டுகள் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதே முதலாவதன் பெயருக்குக் காரணம். அதற்குமுன் இந்த ஸ்தாயியை வாசித்துவந்த நின்றநிலை டபுள் பேஸில் ஃபிரெட்டுகள் கிடையா. ஜாஸ் பேஸின் நெக் நட் பக்கத்தில் 1.5 அங்குலமாகக் குறுகியிருக்கும். பிரிசிஷன் வகையில் அதைவிட அகலமாக, 1.625 அங்குலத்திலிருந்து 1.75 அங்குலம்வரை இருக்கும். எண்ணாகப் பார்த்தால் அற்ப வித்தியாசம். கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு கருவிகள். கிட்டாரிலிருந்து வருபவர்களில் பலருக்குக் குறுகிய நெக் உடனே பிடித்துப்போகும். அகலமான நெக்கில் வலது கை விரல்களுக்கு இடம் தாராளமாக இருக்கும் என்பதைப் பின்னர்தான் உணர்வார்கள். இரண்டையும் பத்துப் பத்து நிமிடம் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்கொயர், யமஹா, ஐபனெஸ், கோர்ட் என்று எந்தப் பெயரானாலும் தொடக்க விலைக் கருவிகளில் இந்த இரண்டு பாணிகளின் ஏதோ ஒரு வடிவமோ கலவையோ கிடைக்கும். பெயரைவிடக் கையில் இருக்கும் அந்த ஒரு கருவிதான் முக்கியம்.

இப்போது கருவியைத் துப்பாக்கிபோல் நீட்டிப் பிடித்து, தலைப்பகுதியிலிருந்து நெக்கின் இரு விளிம்புகளையும் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நெக் முழுவதும் சற்றே குழிந்திருந்தால் அது இயல்பு; ஒரு பக்க விளிம்பு நேராகவும் மறுபக்க விளிம்பு வளைந்தும் தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கிய நெக்கை எந்தக் காரணம் கொண்டும் வாங்காதீர்கள். குழிவை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. தடித்த ஈ தந்தியை முதல் ஃபிரெட்டில் இடது கையாலும் கடைசி ஃபிரெட்டில் வலது கையாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். அப்போது தந்தியே ஒரு நேர்கோட்டு அளவுகோல் ஆகிவிடுகிறது. ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுக்கு மேலே தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டின் கனம் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். ஒரு ரூபாய் நாணயமே நுழையும் என்றாலோ, இடைவெளியே இல்லாமல் தந்தி ஃபிரெட்டில் ஒட்டினாலோ, நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். சென்னையின் ஈரப்பதத்துக்கும் கடையின் ஏ.சி.க்கும் நடுவே மாதக்கணக்கில் தொங்கும் கருவிகளில் நெக் சற்று அசைந்திருப்பது சாதாரணம். இதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டாம். ஆனால் கடையிலேயே திருகிக் காட்டச் சொல்லுங்கள். ராட் திரும்பாமல் இறுகிப்போயிருந்தால், இதுவரை முதல் வகையில் இருந்த குறை அந்தக் கணமே இரண்டாம் வகைக்கு மாறிவிடுகிறது.

தந்தியின் உயரமும் இப்படித்தான். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஈ தந்தியின் அடிப்பக்கம் ஃபிரெட்டிலிருந்து இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் வாசிக்க இதமாக இருக்கும். கடைக் கருவியில் நான்கு மில்லிமீட்டர் இருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை; பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடிலைத் தாழ்த்தினால் போயிற்று. அந்தச் சேடில் ஏற்கெனவே அடிவரை தாழ்ந்திருந்தும் தந்தி உயரமாகவே நிற்கிறதா என்பதை மட்டும் குனிந்து பாருங்கள். அப்படியிருந்தால் நெக் உடலோடு சேரும் கோணமே சரியில்லை. பார்வை அங்கே இருக்கும்போதே, இரு ஓரத் தந்திகளும் நெக்கின் விளிம்பிலிருந்து சம தூரத்தில் ஓடுகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிறகு நெக்கின் விளிம்பு நெடுக உள்ளங்கையை ஓட்டுங்கள், ஏ.சி.யில் காய்ந்து மரம் சுருங்கியிருந்தால் ஃபிரெட் முனைகள் ரம்பப் பல்போல் கையை உரசும். அரம் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்றாலும், விலை பேச அது ஒரு நியாயமான காரணம்.

அடுத்து நான் சொல்லும் சோதனையைக் கடையில் செய்பவர் அரிது. எனக்கோ மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதில்தான் நம்பிக்கை. கருவியை ஈ, ஏ, டி, ஜி என்று கவனமாகச் சுருதி சேர்த்துவிட்டு, ஆம்ப் இல்லாமலேயே, ஒவ்வொரு தந்தியிலும் திறந்த சுரத்திலிருந்து கடைசி ஃபிரெட்வரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போங்கள். இருபது ஃபிரெட் கருவியில் தந்திக்கு இருபத்தொன்று வீதம் மொத்தம் 84 சுரங்கள். ஒவ்வொன்றையும் ஒரே விசையில் மீட்டி மூன்று விநாடி நிறுத்தினால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். வாசிக்கும்போது கருவியின் மேல் கொம்பில் காதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் வழியாகக் கார்வை எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தச் சுரம் மட்டும் அடைத்துக்கொள்கிறது என்பதெல்லாம் எந்த ஆம்பிலும் கேட்காத தெளிவோடு கேட்கும். ஜி தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, மூன்று விநாடிக்குப் பதில் ஆறு விநாடி நிறுத்துங்கள். ஒரு சுரம் பக்கத்துச் சுரங்களைவிடச் சற்று முன்னதாக ஓய்ந்தால் பெரிய பாதகமில்லை, அது இல்லாத கருவி குறைவு. தொட்டவுடன் அமுங்கிப்போனால் கருவியைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

இந்தச் சோதனையிலேயே இரைச்சலும் வெளிப்பட்டுவிடும். எல்லா ஃபிரெட்டிலும் லேசாக இரைந்தால் செட்டப் பிரச்சினை, அதாவது குழிவையும் உயரத்தையும் திருகிச் சரிசெய்ய வேண்டியதுதான், கவலை வேண்டாம். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் கரகரவென்று இரைந்து, அதற்கு அடுத்த ஃபிரெட்டில் சுத்தமாக ஒலித்தால், அந்த அடுத்த ஃபிரெட் மேலெழும்பியிருக்கிறது என்று பொருள்; தேர்ந்த கையால் மட்டுமே சமன் செய்ய முடியும். பலமாக மீட்டும்போது மட்டும் எழுந்து, ஆம்ப் வழியாகக் கேட்காமல் போகும் இரைச்சலை நான் குறையாகவே எண்ணுவதில்லை. சுரத்துல்லியத்தைப் பார்க்க, பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டி எழும் மெல்லிய ஹார்மோனிக்கையும், அதே ஃபிரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அபசுரமாக விலகினால் சேடிலை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் ஆம்ப். கிட்டாருக்கான ஆம்பைக் காட்டினால் பணிவோடு மறுத்துவிட்டு, பேஸ் ஆம்பையே கேளுங்கள். கூடுமானால் பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ளதாக இருக்கட்டும். ஈ தந்தியின் திறந்த சுரம் விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் கொண்டது. சிறிய பயிற்சி ஆம்பின் எட்டு அங்குல ஸ்பீக்கரால் அந்த அடிச்சுரத்தைச் சரியாக எழுப்ப இயலாது. அதன் மடங்குகளான மேல் அதிர்வுகளைக் கேட்டு, நம் காதுதான் அடிச்சுரத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே சிறிய ஆம்பில் வாசித்துவிட்டு இந்தக் கருவிக்கு அடி ஓசை போதவில்லை என்று தீர்ப்பு எழுதக் கூடாது. ஆம்பின் ஒலியளவைச் சுழியத்தில் வைத்துக் கேபிளைச் செருகி, பிறகு மெல்ல உயர்த்துங்கள். பேஸ், மிடில், டிரெபிள் திருகுகளை நடுவில் நிறுத்துங்கள். கடைக்காரர்கள் அடி ஓசையைத் தூக்கி வைத்திருப்பது வழக்கம், அதில் எந்தக் கருவியும் பிரமாதமாகத்தான் ஒலிக்கும். இரண்டு கருவிகளை ஒப்பிடுவதானால் ஒரே ஆம்ப், ஒரே கேபிள், திருகுகளில் அதே நிலை என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆம்பில் இணைத்ததும் ரீங்காரம் எழுந்தால் அவசரப்பட வேண்டாம். நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஈ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டுக்கும் நான்காவது ஃபிரெட்டுக்கும் இடையில் விழும் அதிர்வு அது. அதாவது, இந்த ரீங்காரம் பேஸின் சொந்த எல்லைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜாஸ் பேஸ் பாணியில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்கள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒற்றைச் சுருளாக இருக்கும். இரண்டின் ஒலியளவும் முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றின் ரீங்காரத்தை மற்றொன்று அழித்துவிடும். ஒன்றை மட்டும் குறைத்தால் ரீங்காரம் தலைதூக்கும். இது அந்த வடிவமைப்பின் இயல்பு. பிரிசிஷன் பாணியில் பிக்கப் இரண்டு பாதிகளாகப் பிரிந்து ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருப்பதால் அது தனியாகவே அமைதியாக இருக்கும். தந்தியைத் தொட்டவுடன் ரீங்காரம் குறைவது சரியான அறிகுறி. தந்தியைத் தொட்டவுடன் விரலில் சுருக்கென்று மின்சாரம் உணரப்பட்டால் மட்டும் உடனே கருவியைக் கீழே வைத்துவிட்டு ஊழியரிடம் சொல்லுங்கள். கடையின் எர்த் இணைப்பில் கோளாறு இருக்கக்கூடும், அதில் பொறுமை காட்டக் கூடாது.

ஓசையைக் கூட்டிக் குறைக்கும் மின்சுற்று உள்ளேயே கொண்ட ஆக்டிவ் வகைக் கருவியாக இருந்தால் அதற்குள் 9 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். கேபிளைச் செருகிய நிலையிலேயே வைத்திருந்தால் அந்தப் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், கடைக் கருவிகளில் அது உயிரோடு இருப்பது அதிர்ஷ்டம். ஓசை ஈனமாகவோ உடைந்தோ வந்தால் புதிய பேட்டரி போடச் சொல்லிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். திருகுகளைச் சுற்றும்போது எழும் கரகரப்பு தூசியால் வருவது, கிளீனர் அடித்தால் போய்விடும். தந்திகளும் கடற்காற்றிலும் பலருடைய வியர்வையிலும் மங்கிப்போயிருக்கும். அந்த மந்தமான ஓசையைக் கருவியின் ஓசை என்று எண்ணிவிடாதீர்கள்.

எதை வாசிப்பது என்பது உங்களுடைய இன்னொரு கேள்வி. பேஸ் கற்க வரும் தமிழர்களில் பாதிப்பேரை இந்தப் பக்கம் இழுத்துவந்தது இளையராஜாவின் பாடல்களில் பாட்டுக்கு அடியில் தனி மெட்டாகவே நடந்துபோகும் பேஸ் வரிகள்தான்; கடையில் கருவி கையில் கிடைத்ததும் அவற்றில் ஒன்றை வாசித்துப் பார்க்கத் தோன்றுவது இயற்கை. வாசியுங்கள், மகிழ்ச்சிக்காக. மதிப்பிடுவதற்கு மட்டும் அது உதவாது; வேகமான வரியில் ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்தால் மூடப்பட்டுவிடுவதால் கருவியின் குறை வெளியே வராது. நீங்கள் ஞாயிறுதோறும் வாசிக்கப்போகும் மெதுவான கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் டிரம் தாளத்தை ஓடவிட்டு, ஒரு கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுதிக்கு) ஒரு சுரம் என்று முழுப் பாடலையும் வாசியுங்கள். உடன் வந்த நண்பர் பக்கத்தில் ஒரு கிட்டாரை எடுத்துக் கார்டுகளை மீட்டினால் இன்னும் நல்லது. தனியாக வாசிக்கும்போது அறையையே நிரப்பிய கருவி, கிட்டாரும் தாளமும் சேர்ந்தவுடன் எங்கே போயிற்று என்று தெரியாமல் கரைந்துவிடுவதைக் கேட்பீர்கள். தனியாகக் கேட்டபோது சற்று மூக்கடைத்தாற்போல் ஒலித்த மற்றொன்று, அதன் நடு அதிர்வுகள் வலுவாக இருப்பதாலேயே, கூட்டத்தில் ஒவ்வொரு சுரமும் எண்ணக்கூடிய தெளிவோடு நிற்கும். எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு சோதனையில் பலருடைய முடிவு தலைகீழாக மாறியிருக்கிறது.

நான்கு தந்தியா ஐந்தா என்று கடைக்காரர் கேட்பார். பாடுபவர்களின் குரலுக்காகத் தேவாலயத்தில் ஈ ஃபிளாட், டி என்று சுருதியை இறக்குவது சாதாரணம். நான்கு தந்திக் கருவியில் ஈக்குக் கீழே சுரம் இல்லாததால் அந்தப் பாடல்களின் ஆதார சுரத்தை மேல் ஸ்தாயியில்தான் வாசிக்க முடியும். ஐந்து தந்தியில் அடியில் உள்ள பி, விநாடிக்கு 31 அதிர்வுக்குச் சற்றுக் குறைவானது, அந்த இடைவெளியை நிரப்புகிறது. ஆயினும் முதல் கருவிக்கு நான் நான்கு தந்தியையே சொல்வேன். மலிவான ஐந்து தந்திக் கருவிகளில் அந்தப் பி தந்தி பெரும்பாலும் தொளதொளவென்று சுருதி தெளியாமல் ஒலிக்கும். வாசிக்காத தந்திகளை அடக்கிவைக்கும் பழக்கமும் நான்கில் விரைவாக வரும். தேவைப்படும் பாடலுக்கு ஈ தந்தியை டிக்கு இறக்கிக்கொள்ளலாம்.

நான்கு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கடையில் இருப்பவர்கள் வேகமான ஸ்லாப் வாசிப்பை நாள் முழுக்கக் கேட்டுச் சலித்தவர்கள்; ஒவ்வொரு ஃபிரெட்டாக நிதானமாக வாசித்துக் காதை ஒட்டிக் கேட்பவரைப் பார்த்தால், இவருக்கு விஷயம் தெரியும் என்று அவர்களே சற்று எச்சரிக்கையாகப் பேச ஆரம்பிப்பார்கள்.

விலையைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரம் கடையில் வாசித்துவிட்டு ஆயிரம் ரூபாய் குறைவு என்று இணையத்தில் வேறொரு கருவியை வரவழைப்பது எனக்கு உவப்பானதல்ல. மேலே சொன்ன சோதனை எதுவுமே அந்தப் பெட்டிக்குள் வருகிற கருவிக்குப் பொருந்தாது என்பதும் அதில் இருக்கிறது. தள்ளுபடிக்கு மன்றாடுவதைவிட, அதே விலையில் புதிய தந்திகள் மாட்டி, நெக்கையும் உயரத்தையும் சுரத்துல்லியத்தையும் முழுமையாகச் செட்டப் செய்து தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கடைசியாக, நீங்கள் தேர்ந்தெடுத்த கருவியைத் தாண்டி ஒன்று நடக்கும். பில் போடும்போது, இது டிஸ்ப்ளே பீஸ், உங்களுக்கு உள்ளேயிருந்து சீல் பிரிக்காத புதிய பெட்டி எடுத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் அன்போடு சொல்வார். அவர் ஏமாற்றவில்லை, புதிது தருவது மரியாதை என்றே நினைக்கிறார். நீங்கள் 84 சுரங்களையும் கேட்டது அந்தப் பெட்டிக்குள் இருப்பதில் அல்ல. தலைப்பகுதியிலோ, நெக் உடலோடு சேரும் இடத்துத் தகட்டிலோ இருக்கும் வரிசை எண்ணை முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வாசித்துப் பார்த்த இதே கருவியைத்தான் தர வேண்டும் என்று சொல்லி, பில்லில் அந்த எண் எழுதப்பட்டதைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.